மேச்சேரியா, மயிலம்பாடியா, நெல்லூரா? சங்ககிரி வட்டாரத்தில் கலந்துபோகும் செம்மறி இனம்: எப்படி அடையாளம் காண்பது, ஏன் அது முக்கியம்?

சேலம் மாவட்டம் சங்ககிரியில் இருந்து வடக்கே போனால் மேச்சேரி வரும். மேற்கே காவிரியைத் தாண்டி பவானி பக்கம் போனால் மயிலம்பாடி வரும். இந்த இரண்டு ஊர்களும் ஒரே செம்மறி ஆட்டுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கின்றன. சேலம் பக்கத்தில் அது 'மேச்சேரி ஆடு'. ஈரோடு பக்கத்தில் பலருக்கு அதுவே 'மயிலம்பாடி ஆடு'. அரசுப் பதிவில் இரண்டும் ஒரே இனம். மயிலம்பாடி என்பது மேச்சேரி இனத்தின் மறுபெயர்.

இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் சங்ககிரி வட்டாரத்தில் இப்போது பெயரை விடப் பெரிய குழப்பம் வேறு ஒன்று. சந்தைக்கு வரும் சிவப்பு ஆடெல்லாம் மேச்சேரிதானா? ஆந்திராவில் இருந்து லாரியில் இறங்கும் நெல்லூர் ஆடு, கர்நாடகாவின் பன்னூர் ஆடு, யூடியூப் பார்த்து வாங்கப்படும் டார்பர் கலப்பு எல்லாம் உள்ளூர் பட்டிகளுக்குள் வந்துவிட்டன. குட்டி பெருசா இருக்குது, சீக்கிரம் எடை போடுது என்பதுதான் காரணம். அதில் தப்பு இருக்கிறதா? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மேச்சேரி ஆட்டை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் நிறம். உடல் முழுக்க வெளிர் பழுப்பு. பார்வைக்கு காய்ந்த துவரை மாதிரி இருக்கும். இரண்டாவது தலை. கிடாய்க்கும் கொம்பு கிடையாது, பெட்டைக்கும் கிடையாது. இரண்டும் மொட்டைத் தலை. சிவப்பு நிறக் கிடாய்க்குக் கொம்பு முளைத்திருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்றாவது உடம்பு. கம்பளி இருக்காது, ஒட்ட வெட்டியது போன்ற குட்டை முடி மட்டும்தான். நடுத்தர அளவுக் காது, மெலிந்த குட்டை வால்.

அளவில் இது பெரிய ஆடு அல்ல. வளர்ந்த கிடாய் சராசரியாக 35 கிலோ, பெட்டை 22 கிலோ அளவில் நிற்கும். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. இரட்டைக் குட்டி அபூர்வம். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் மானாவாரி நிலம்தான் இதன் சொந்த ஊர். கடலைக்கொடி, சோளத்தட்டு, அறுவடைக்குப் பிந்தைய கொறைக்காடு, வேலியோரத்துப் புல் என்று கிடைத்ததைத் தின்று, வெயிலில் பல கிலோமீட்டர் நடந்து திரும்பும் ஆடு.

இதனுடன் எளிதில் குழம்புவது இரண்டு இனங்கள். ஒன்று சென்னை சிவப்பு. காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து ஆடு. நிறம் மேச்சேரியைப் போலவே சிவப்பு, பழுப்பு. ஆனால் கிடாய்க்குக் கொம்பு உண்டு. சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடை உள்பக்கத்திலும் வெள்ளை தெரியும்.

இன்னொன்று நெல்லூர். இந்தியச் செம்மறிகளில் மிக உயரமானது இதுதான். இதில் மூன்று வகை உண்டு. முழு வெள்ளை 'பல்லா', முகத்தில் கருப்புப் புள்ளி உள்ள 'ஜோடிபி', பழுப்பு நிற 'தோரா'. சிக்கல் இந்த தோராவில்தான். அதுவும் பழுப்பு, அதற்கும் கம்பளி இல்லை. நீண்டு தொங்கும் காதையும் உயரமான காலையும் கவனிக்காவிட்டால், அல்லது வாங்குவது வளராத குட்டியாக இருந்தால், மேச்சேரி என்று நம்பி வாங்கிவிட வாய்ப்பு அதிகம். நெல்லூர் கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இருக்காது. ஆகவே பெட்டை வாங்கும்போது கொம்பு சோதனை உதவாது. காதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மற்ற செம்மறிகளைப் பிரித்துச் சொல்வது இவ்வளவு கஷ்டம் இல்லை. தூத்துக்குடி பக்கத்து வேம்பூர் ஆடு வெள்ளையில் சிவப்புத் திட்டுகளோடு இருக்கும். கீழக்கரிசல் அடர் பழுப்பில் கருப்புப் புள்ளி. ராமநாதபுரம் வெள்ளை பெயருக்கு ஏற்ற வெள்ளை. மதுரை வட்டாரத்தில் கச்சைகட்டி கருப்பு. கோயம்புத்தூர் குரும்பை ஆட்டுக்கும் திருச்சி கருப்புக்கும் முரட்டுக் கம்பளி உண்டு. திருச்சி கருப்பு சேலம் மாவட்டத்திலும் மேய்கிறது. ஆனால் அதை யாரும் மேச்சேரி என்று விற்க முடியாது, நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

தோலால் வந்த பேர்

மேச்சேரிக்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் கறி அல்ல, தோல். கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கமாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதால் பதனிட்ட பிறகு தோல் தளர்ந்துவிடும். முடி ஆடுகளின் தோல் இறுக்கமாக, மெல்லியதாக, வழவழப்பாக நிற்கும். கையுறைக்கும் தோல் ஆடைகளுக்கும் இதைத்தான் கேட்பார்கள். அந்த முடி ஆடுகளிலும் முன்வரிசையில் வைத்துப் பேசப்பட்டது மேச்சேரித் தோல். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்த பழைய காலம் முதல் ஈரோடு, திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் என்று தமிழ்நாட்டுத் தோல் தொழில் இந்த வகைத் தோல்களை நம்பித்தான் வளர்ந்தது.

இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. கடந்த பத்தாண்டாக ஆட்டுத் தோல் விலை படுத்துக்கிடக்கிறது. பக்ரீத் முடிந்த வாரத்தில் தோல் வாங்க ஆள் இல்லை, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டோம் என்ற செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. செயற்கைத் தோல் சந்தையைப் பிடித்ததும் இதற்கு ஒரு காரணம். ஆட்டின் மொத்த விலையில் தோலுக்கு ஒரு பங்கு இருந்த நிலை போய், தோல் என்பது கறிக்கடைக்காரர் கழித்துக்கட்ட வேண்டிய பொருளாக ஆகிவிட்டது.

இது ஆட்டுக்காரருக்கு எப்படி வந்து சேர்கிறது? தோல் தரமாக இருக்கிறது என்பதற்காகச் சந்தையில் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது. தோல் உரித்துத் தொங்கவிட்ட பிறகு அது மேச்சேரியா நெல்லூரா என்று கறி வாங்குபவருக்கும் தெரியாது. மிச்சம் இருப்பது எடை ஒன்றுதான். 20 கிலோ உயிர் எடை உள்ள குட்டியில் 9 முதல் 10 கிலோ கறி தேறும். சில்லறையில் மட்டன் கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், ஒரே வயதில் இரண்டு கிலோ கூடுதலாகக் கறி தரும் குட்டி பக்கம் மனம் சாயத்தான் செய்யும். இதை ஆட்டுக்காரரின் அறியாமை என்று சொல்வது நியாயம் இல்லை.

ஒரு பொருளை மட்டும் நம்பி நிற்கும் இனம் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. நீலகிரி செம்மறி. 19-ம் நூற்றாண்டில் வெளிநாட்டு மெரினோ, செவியட், சவுத்டவுன் ரத்தம் கலந்து உருவான, நயமான கம்பளி தரும் ஆடு. கம்பளிக்கு மதிப்பு குறைந்தது, புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாக மாறின. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் இருக்கிறது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம்தான் அதைப் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கிறது.

பெரிய ஆடு வாங்கினால் பெரிய லாபமா?

இங்கேதான் கணக்கு கொஞ்சம் சறுக்குகிறது. ஆடு தன் உடல் எடைக்கு ஏற்பத்தான் தின்னும். ஒரு நாளைக்கு உடல் எடையில் சுமார் 3 முதல் 4 சதவீதம் அளவுக்கு உலர் தீவனம் தேவை. 22 கிலோ பெட்டைக்கு முக்கால் கிலோ போதும் என்றால், 33 கிலோ பெட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும்.

ஒரு காட்டில் 100 பெரிய பெட்டைகளை மேய்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதே காட்டில் மேச்சேரி அளவுள்ள பெட்டைகளை எத்தனை மேய்க்கலாம்? எடையை மட்டும் பார்த்தால் 150. சிறிய உடம்பு கிலோ கணக்கில் சற்றுக் கூடுதலாகவே தின்னும் என்பதைக் கழித்தாலும் 130-க்குக் குறையாது. ஈற்றுக்கு ஒரு குட்டி என்றால் இங்கே 100 குட்டி, அங்கே 130 குட்டி. தனித்தனி ஆட்டைத் தராசில் வைத்தால் பெரிய ஆடு ஜெயிக்கும். பட்டி முழுவதையும் வைத்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இது நல்ல மழை ஆண்டின் கணக்கு. வைகாசி வரை காடு காய்ந்து கிடக்கும் ஆண்டில் கதை வேறு. பெரிய உடம்புக்குத் தீவனம் போதாவிட்டால் பெட்டை சினை பிடிப்பது தள்ளிப்போகும், பால் வற்றும், குட்டி சாகும். சின்ன உடம்பு என்பது மேச்சேரியின் குறை என்று பேசப்படுகிறது. உண்மையில் அது இந்த மண் பல தலைமுறையாகச் செய்த தேர்வு.

கொட்டகையில் வைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பவர்களுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. விலைக்குத் தீவனம் வாங்குபவருக்கு வேகமாக எடை போடும் குட்டிதான் வேண்டும். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 2021-ல் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு, 500 பெட்டை, 25 கிடாய் கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியமாக 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. 100 பெட்டை, 5 கிடாய் வைத்தால் 10 லட்சம். இவ்வளவு ஆடுகளை ஒரே நேரத்தில், ஒரே தரத்தில் உள்ளூரில் திரட்டுவது சாதாரண வேலை இல்லை. எங்கே மொத்தமாகக் கிடைக்கிறதோ அங்கிருந்துதான் லாரி கிளம்பும்.

மொத்தமாகக் கிடைக்கும் இடம் எது என்பதை எண்களே சொல்கின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தெலங்கானாவில் 1.91 கோடி செம்மறிகள், ஆந்திராவில் 1.76 கோடி. தமிழ்நாட்டில் 45 லட்சம்தான். அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பில் இங்கே கிட்டத்தட்ட 48 லட்சம் இருந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டு வெள்ளாடுகள் 81 லட்சத்தில் இருந்து 99 லட்சமாக ஏறின. வெள்ளாட்டை வீட்டு வாசலில் கட்டிக்கூட வளர்க்கலாம், செம்மறிக்கு நடந்து மேயக் காடு வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். லாரிப் பட்டறைகளும் வீட்டுமனைகளும் நான்கு வழிச்சாலையும் பெருகிய சங்ககிரி வட்டாரத்தில் அந்தக் காடு எங்கே போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனம் காணாமல் போவது கிடாய் வழியாகத்தான்

ஒரு இனம் கலைந்துபோக ஆடுகள் எல்லாம் சாக வேண்டியதில்லை. 25, 30 பெட்டைக்கு ஒரு கிடாய் என்பது பொதுவான கணக்கு. அந்த ஆண்டு பிறக்கும் அத்தனை குட்டிகளின் பாதி மரபும் அந்த ஒற்றைக் கிடாயிடம் இருந்து வருகிறது.

மேச்சேரிப் பட்டிக்குள் நெல்லூர் கிடாய் விட்டால் முதல் ஈற்றில் பிறப்பது பாதிக்குப் பாதி. அந்தப் பெட்டைக் குட்டிகளை நிறுத்தி மறுபடியும் நெல்லூர் கிடாயே விட்டால் அடுத்த தலைமுறையில் மேச்சேரி கால் பங்கு. மூன்றாவதில் அரைக்கால். நான்காவதில் 6 சதவீதம் சொச்சம். செம்மறியில் ஒரு தலைமுறைக்கு இரண்டு ஆண்டு என்று வைத்தால், எட்டு ஆண்டில் ஒரு பட்டி இனம் மாறிவிடும். பட்டி அதே பட்டி, ஆட்டுக்காரர் அதே ஆள், சந்தையில் சொல்லும் பேரும் அதே 'மேச்சேரி'. மாறியது தெரியவே தெரியாது.

வெளி கிடாயே வராத பட்டியிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஆடிக்கும் கோயில் கிடாவெட்டுக்கும் பக்ரீத்துக்கும் முதலில் விலை போவது எது? வேகமாக வளர்ந்த, நெஞ்சு அகன்ற, கண்ணுக்கு நிறைவான கிடாய்க்குட்டி. பல் போடுவதற்கு முன்பே வியாபாரி பிடித்துக்கொண்டு போய்விடுவார். விலை போகாத சோனிக் குட்டிதான் பட்டியில் தங்கி, அடுத்த ஆண்டு இனவிருத்திக் கிடாய் ஆகும். இப்படிப் பத்து வருஷம் நடந்தால் 'மேச்சேரி ஆடு சிறுத்துப்போச்சு' என்றுதான் பேச்சு வரும். இனம் சிறுக்கவில்லை, நல்ல விதையை விற்றுவிட்டு மிச்சத்தை விதைத்ததன் பலன் அது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே கிடாயை வருஷக்கணக்கில் விடும் பழக்கமும் சேர்ந்தால் நெருங்கிய உறவில் பிறக்கும் குட்டிகள் மேலும் சோனியாகும்.

அப்படியானால் கலப்பே கூடாதா?

அப்படியும் இல்லை. கறிக்காக மட்டும் கலப்புக் குட்டி எடுத்து, ஆண் பெண் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் இனத்துக்குச் சேதாரம் இல்லை. கலப்புப் பெட்டைக் குட்டியை அடுத்த தாயாக நிறுத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆனால் இதற்கு ஒரு பட்டியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மேச்சேரிக் கிடாய், இன்னொன்றில் வெளிக் கிடாய் என்று தனித்தனியாக மேய்க்க வேண்டும். 200 ஆடு வைத்திருப்பவர் செய்யலாம். 20 ஆட்டை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு போகும் பாட்டிக்கு இது நடக்கிற காரியமா?

கலப்பினம் இந்தியாவுக்குப் புதுசும் அல்ல. 1970-களில் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தின் கீழ் நெல்லூர், மாண்டியா ஆடுகளோடு டார்செட், சஃபோல்க் போன்ற வெளிநாட்டுக் கிடாய்கள் கலக்கப்பட்டன. கிராமத்துப் பட்டிகளில் அது நிலைக்கவில்லை. 1990-ல் அந்தத் திட்டம் பாதையை மாற்றிக்கொண்டு, உள்நாட்டு இனங்களுக்குள்ளேயே நல்ல கிடாயைத் தேர்ந்தெடுத்துப் பரப்பும் வேலைக்குத் திரும்பியது. இப்போது சமூக ஊடகங்களில் ஓடும் டார்பரும் தென்னாப்பிரிக்காவில் 1930-களில் இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கியதுதான். ஆனால் அங்கே தேர்வும் பதிவும் பல பத்தாண்டு நடந்தன. இங்கே நடப்பது அதுவல்ல. பெயர் தெரியாத கலப்புக் கிடாயை, எத்தனை சதவீதம் என்றே தெரியாமல், இனக் கிடாய் விலைக்கு வாங்குவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

பொட்டனேரியில் என்ன நடக்கிறது?

மேச்சேரி அருகே பொட்டனேரியில் 1978-ல் தொடங்கப்பட்ட மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பிறப்பு எடை, பால்குடி மறக்கும்போது எடை, ஆறு மாத எடை என்று குட்டிவாரியாகக் குறித்து, அதில் தேறிய கிடாய்களை இனவிருத்திக்கு எடுப்பது இதன் அடிப்படை வேலை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மெகா செம்மறி விதைத் திட்டத்தில் நாடு முழுக்க எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு இனங்களில் மேச்சேரியும் ஒன்று. கர்நாடகாவின் மாண்டியா, ராஜஸ்தானின் சோனாடி, ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூரி மற்ற மூன்று. தேர்ந்தெடுத்த கிடாய்களை விவசாயிகளின் பட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் நோக்கம்.

நோக்கம் சரி. ஆனால் ஒரு நிலையத்தில் இருந்து ஆண்டுக்குக் கிளம்பும் கிடாய்களின் எண்ணிக்கைக்கும், நான்கு மாவட்டப் பட்டிகளின் தேவைக்கும் இடையே இருப்பது சின்ன இடைவெளி அல்ல. அதை அரசுப் பண்ணையால் மட்டும் நிரப்ப முடியாது. நல்ல கிடாயைக் கறிக்கு விற்காமல் இனத்துக்கு நிறுத்தும் ஆட்டுக்காரருக்குக் கூடுதல் விலை கிடைக்கும் ஏற்பாடு வந்தால்தான் நிரம்பும். தோல் விலை செத்துப்போன நாளில் இனத்துக்கான ஊக்கமும் சேர்ந்தே செத்தது. அதற்கு ஈடாக இதுவரை எதுவும் வரவில்லை.

2024 அக்டோபர் 25-ல் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில், அங்கீகரிக்கப்பட்ட 219 உள்நாட்டு இனங்களும் இனவாரியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று முடிவானது. இனங்களை அங்கீகரிப்பது ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம். ஊர் ஊராக மேய்த்துத் திரிபவர்களின் கால்நடைகளும் அதில் முதல்முறையாகத் தனியாக எண்ணப்பட்டன. கணக்கெடுப்பாளர் பட்டிக்கு வந்து 'என்ன இனம்?' என்று கேட்கும்போது, சிவப்பாக இருப்பதை எல்லாம் 'மேச்சேரிங்க' என்று சொல்லிவிட்டால், காகிதத்தில் இனம் பெருகும், காட்டில் குறையும். எந்த இனத்துக்குப் பாதுகாப்பு நிதி தேவை என்பது இந்தப் பதிவுகளை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும் என்பதால் இது வெறும் படிவ விவகாரம் அல்ல.

கிடாய் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

கொங்கணாபுரம் சனிச்சந்தையிலோ மேச்சேரி சந்தையிலோ நல்ல கிடாய் கிடைக்காது என்றில்லை. ஆனால் சந்தையில் அதன் தாயைப் பார்க்க முடியாது. இனத்துக்குக் கிடாய் வேண்டும் என்றால் பட்டிக்கே போய் வாங்குவது உத்தமம். தாய் மொட்டைத் தலையா, காது எவ்வளவு நீளம், கூடப் பிறந்த குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். பல்லைப் பார்த்து வயது தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பல் போட்ட கிடாய் என்றால் ஒன்றரை வயது அளவில் இருக்கும், பட்டிக்கு விடத் தோதான வயது. விதை இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக இருக்க வேண்டும். வாங்கி வந்ததும் நேராகப் பட்டியில் விடாமல் மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்து, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டாச்சா என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தக் கிடாயை இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே பட்டியில் வைக்கக் கூடாது. அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது விற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பக்கத்து ஊரில் மேச்சேரி வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொண்டால் இரண்டு பட்டிக்கும் புது ரத்தம், யாருக்கும் காசு செலவில்லை. கொங்குப் பகுதியில் பங்காளிகளுக்கும் மாமன் மச்சானுக்கும் இடையே இப்படிக் கிடாய் மாற்றிக்கொள்வது பழைய பழக்கம்தான். சங்ககிரிக்காரர் ஒருவர் மேச்சேரி என்று கொடுத்து, பவானிக்காரரிடம் இருந்து மயிலம்பாடி என்று வாங்கி வந்தாலும், இரண்டும் ஒரே இனம்தான்.